நானூற்றுப் பதிமூன்றாவது வரி

அந்த ஆபீசின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் மறுப்புத் தெரிவித்து ஒரு சுற்றறிக்கை வரும். அந்தச் சுற்றறிக்கைக்குப் பதில் எழுதித் தரச் சொல்லி ஜனங்கள் என்னிடம்தான் வருவார்கள். எனக்கோ வயதாகிவிட்டது. தர்மபுரியில் ஒரு புளியமரத்துக்கு எதிரே இருந்த ஆபீஸ் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மரத்தடியில் ஒரு ஸ்டூல், ஒரு பலகை, ஒரு மைக்கூடு, அப்புறம் நான். பெயர் மாது. தொழில், மனு எழுதுவது.

சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டமானபோது, பழைய பிறப்புப் பதிவேடுகள் லாரியில் வந்து இறங்கின. ஒன்று நீளம், ஒன்று அகலம், ஒன்று குட்டை. அலமாரியில் அடுக்கினால் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. புது மாவட்டத்துக்கு இது அழகில்லை என்று ஓர் அதிகாரி அத்தனையையும் பைண்டிங் செய்யக் கொடுத்தார். பைண்டிங்காரன் எல்லாப் புத்தகத்தையும் ஒரே அளவாக வெட்டி, சிவப்புக் காலிகோ துணி ஒட்டி, பளபளவென்று திருப்பிக் கொடுத்தான். வெட்டியதில் பக்கங்களின் ஓரம் போய்விட்டது. அந்த ஓரத்தில்தான் வரிசை எண் இருந்தது.

வேறு ஊராக இருந்தால் பேனாவை எடுத்து மறுபடி எண் போட்டிருப்பார்கள். ஆனால் மூலப் பதிவேட்டில் புதிதாக எதையும் எழுதுவது குற்றம். பெயரைப் பார்த்துத் தேடலாம் என்றால், ஒரே வருஷத்தில் முப்பத்தொரு முனியம்மாள் பிறந்திருக்கிறார்கள். அதனால் பெயரைப் பார்க்கக் கூடாது, எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும் என்று உத்தரவு வந்தது. எண்ணோ வெட்டுப்பட்டுப் போயிற்று. ஆகவே முதல் வரியிலிருந்து எண்ணிக்கொண்டே போய், கேட்ட வரியை அடைவதற்காக ‘வரி வாசிப்புப் பிரிவு’ என்று ஒன்று தொடங்கினார்கள். கண்காணிப்பாளர் ஒருவர், வாசிப்பாளர் ஒருவர், எண்ணுபவர் ஒருவர். வெட்டிய பைண்டிங்காரனுக்கு நற்சான்றிதழ்.

வாசிப்பாளர் கிருஷ்ணப்பன் ஒரு வரியின் எட்டுக் கட்டங்களையும் உரக்கப் படிப்பார். எண்ணுபவர் முனியப்பன் பித்தளைக் கிண்ணத்தில் ஒரு புளியங்கொட்டையைப் போடுவார். மனுதாரர் எதிரே நின்று, ‘காதில் விழுந்தது’ என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அந்த வரி வாசிக்கப்பட்டதாகக் கணக்கு. அதற்குப் பிறகு அடுத்த வரி. வாசிப்பு நேரம் காலை பதினொன்றரை முதல் ஒன்று, மதியம் மூன்று முதல் நான்கு. நான்கு மணிக்குப் பதிவேட்டை மூடி, கொட்டைகளை டப்பாவில் கொட்டி, டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். மறுநாள் மறுபடி முதல் வரி. நேற்று எதுவரை வந்தோம் என்று குறித்து வைக்க ஆபீசில் படிவம் இல்லை. பக்கத்தில் அடையாளத் துண்டு வைப்பது ஆவணத்தில் தலையிடுவதாகும்.

ஒரு நாளைக்கு எழுபது, மிஞ்சினால் தொண்ணூறு வரி ஓடும். ஆக, ஜனவரி பிப்ரவரியில் பிறந்தவர்களுக்குச் சான்றிதழ் கிடைக்கும். மற்றவர்களுக்குக் காற்று. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று பெரியவர்கள் சொன்னது இந்த ஆபீசை மனதில் வைத்துத்தானோ என்னவோ. நஞ்சப்பன் என்ற பெரிய விவசாயியின் மகன் ஐம்பத்து நாலாம் வருஷத்துப் புத்தகத்தில் முதல் வரி. அவர் வருஷத்துக்கு இரண்டு முறை வந்து மகனின் பிறப்பை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பதினோரு மணி முப்பத்தைந்து நிமிஷத்துக்குச் சான்றிதழோடு வெளியே வருவார். “என்னா சுறுசுறுப்பான ஆபீசுங்க!” என்பார். கருத்துப் புத்தகத்தில் எழுதியும் வைத்திருக்கிறார்.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஜனவரியில்தான் ஹயாத் பாஷா வந்தார். கடத்தூரில் சைக்கிள் கடை. விரல் நகமெல்லாம் கிரீஸ். கூடவே மகள் நசீம் பானு, நெட்டையான பெண், கையில் ஒரு சீட்டு. அந்தச் சீட்டுப் பதினெட்டு வருஷமாக அவள் அம்மா அஸ்கரி பேகத்தின் தகரப் பெட்டியில் கிடந்தது. ‘கடத்தூர், 1954, வரிசை எண் 413.’

“மாதண்ணா, இந்த ஒரு வரி வேணுங்க” என்றார் பாஷா. “பாப்பாவுக்கு நர்ஸ் படிப்புக்கு. மத்தியானத்துக்குள்ள கெடைச்சா நாலு மணி பஸ்ஸப் புடிச்சிருவேன்.”

நான் சிரிக்கவில்லை. இந்தத் தொழிலில் முதல் நாள் சிரிக்கக் கூடாது.

விஷயம் இதுதான். நசீமைப் பள்ளியில் சேர்த்தபோது, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார் ஹெட்மாஸ்டர். தொட்டால் வயது வந்துவிட்டது என்று அர்த்தம். நசீமுக்குப் பிறவியிலேயே நீளக் கை. நாலே முக்கால் வயதில் காதைத் தொட்டுவிட்டாள். ஹெட்மாஸ்டர் ஆறு வயது என்று கணக்குப் போட்டு, 1953 ஜூன் ஒன்றாம் தேதி என்று எழுதிவிட்டார். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்தான்.

போன வருஷம் அஸ்கரி பேகம் மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தாள். நசீம்தான் கூட இருந்தாள். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் மாத்திரை நேரம் பார்த்துக் கொடுத்து, காய்ச்சல் பார்த்து எழுதி வைத்திருக்கிறாள். அங்கிருந்த பெரிய நர்சம்மா, “நீ எங்க வேலைக்குப் பொறந்தவடி, மனு போடு” என்று சொல்லிவிட்டார். மனு போட்டால், ஜூலை முதல் தேதியன்று இருபது வயது முடிந்திருக்கக் கூடாது என்கிறது விதி. பள்ளிச் சான்றிதழ்ப்படி வருகிற ஜூலையில் அவளுக்கு இருபது முடிந்து ஒரு மாதம். உள்ளபடி அவள் பிறந்தது 1954 அக்டோபர் ஒன்பது. அதை அந்த ஒரு வரிதான் சொல்ல முடியும். இந்த ஜூலை, விட்டால் அடுத்த ஜூலை. அதற்கப்புறம் உண்மையான வயதே அவளைத் தள்ளிவிடும்.

மனு எழுதிக் கொடுத்து, நானே உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். கண்காணிப்பாளர் அர்ச்சுனன் சாரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் கை நீட்டாதவர். யார் மீதும் எரிந்து விழாதவர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எப்படியோ காரியத்தை முடித்திருக்கலாம் என்று பல நாள் நினைத்து வயிறெரிந்திருக்கிறேன்.

“நானூத்திப் பதிமூணா?” என்றார், வைத்தியர் நாடி பிடித்துவிட்டுச் சொல்கிற குரலில். “அக்டோபர் கொழந்தைங்களா?”

“ஆமாங்க சார்” என்றார் பாஷா. “புஸ்தகத்த நடுவுல தொறந்து, கொஞ்சம் முன்னப்பின்னத் தள்ளிப் பாத்தா வந்துருமுங்களே.”

“பாய், நல்லாக் கேளுங்க. மொத வரியப் படிக்காம ரெண்டாவது வரி ரெண்டாவதுன்னு எப்பிடித் தெரியும்? அதே மாதிரி, நானூத்திப் பன்னெண்டையும் படிக்காம நானூத்திப் பதிமூண எப்பிடி நம்புறது?”

“அதுல எம்பொண்ணு பேரு இருக்குமுங்க சார். பேரப் பாத்தாத் தெரியுமே.”

“பேரு இருக்குதுங்கறதுக்காக அது உங்க பொண்ணு ஆயிருமா?”

பாஷா விடவில்லை. “சார், நம்ம கடையில ஒரு சக்கரத்துல பதினேழாவது கம்பி ஒடஞ்சா நான் பதினேழாவதத்தான் கழட்டுவேன். மொதக் கம்பியிலிருந்து கழட்ட மாட்டேனுங்க.”

“அதனாலதான் பாய் அது சைக்கிள் கடை. இது ஆபீஸ்.”

அந்த வருஷம் முழுக்க, முறை வரும்போதெல்லாம் பாஷா கடையைச் சாத்திவிட்டு வந்து நின்றார். முதல் வரி, ஜனவரி ஒன்று, ஆண், தகப்பன் நஞ்சப்பன். ‘காதில் விழுந்தது.’ கொட்டை. இரண்டாம் வரி, ஜனவரி ஒன்று, பெண், தாய் தீர்த்தம்மாள். ‘காதில் விழுந்தது.’ கொட்டை. ஒரு நாள் எழுபத்திரண்டு வரி, ஒரு நாள் அறுபத்தெட்டு. ஒரு தடவை அறுபதாம் வரியில் அவருக்கு இருமல் வந்தது. இருமிக்கொண்டே சொன்னது காதில் விழுந்ததாகாது என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். போகப் போக அந்தக் குழந்தைகள் எல்லாம் அவருக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். ஒரு நாள் பஸ்ஸில் ஒரு பையன் ஊர் பெயரும் அப்பன் பெயரும் சொல்லக் கேட்டு, “நீ இருவத்திரெண்டாவது வரியாச்சேப்பா! நல்லா இருக்கியா?” என்று தோளைப் பிடித்துக்கொண்டாராம். பையன் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டான்.

முதல் ஜூலை போயிற்று.

நசீமுக்குத்தான் யோசனை வந்தது. சாயங்காலம் புத்தகத்தை மூடாமல், கொட்டையைக் கொட்டாமல், விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடர அனுமதி கேட்டால் என்ன என்றாள். “ஆறே நாள்ல முடிஞ்சிரும் மாமா” என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். எட்டு வருஷமாக அந்த ஆபீசின் எதிரே உட்கார்ந்திருக்கிற எனக்கு இது தோன்றவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. மனுவை என் வாழ்நாளில் எழுதாத அழகோடு எழுதினேன். மெட்ராஸ் போய்த் திரும்பி வர ஏழு மாதம் ஆயிற்று. எழுபத்து நாலு பிப்ரவரியில் உத்தரவு வந்தது. ‘மேற்படி மனுதாரர் பொருட்டுத் தொடர் வாசிப்பு அனுமதிக்கப்படுகிறது. வாசிப்பு இடையில் நிறுத்தப்படலாகாது.’

தொடக்க நாளன்று வாசலில் மாவிலைத் தோரணம் கட்டினார்கள். மைக் வைத்தார்கள். பாஷாவுக்கு ஒரு ரோஜா மாலை. அர்ச்சுனன் சார் பேசினார்.

“பொதுமக்கள் அவசரப்படுறாங்க. எனக்குப் புரியல. பொறந்த தேதி எங்கியாவது ஓடிப்போவுமா? இருக்கற எடத்துலதான் இருக்கும். நாமளும் இருக்கற எடத்துலதான் இருக்கோம். இந்தப் பிரிவு ஆரம்பிச்ச நாள்லருந்து ஒரு வரிகூடத் தப்பாக் குடுத்ததில்லன்னு பெருமையோட சொல்லிக்கறேன். சில பேரு வேகமாக் குடுக்கலியேன்னு கேக்கறாங்க. வேகமாக் குடுத்தா, நாளைக்கி எல்லாருக்கும் குடுக்கணும். எல்லாருக்கும் குடுத்துட்டா அதுக்கப்பறம் நாம எதுக்கு?”

கடைசி வரிக்குப் பலமான கைதட்டல். நானும் தட்டினேன். பக்கத்தில் எல்லோரும் தட்டினார்கள்.

மூன்றாம் நாள் இருநூற்று எட்டாவது வரியில் வண்டி நின்றது. அந்த வரி குறுக்கே அடிக்கப்பட்டிருந்தது. ஐம்பத்து நாலில் யாரோ எழுத்தர் ஒரு குழந்தையை இரண்டு முறை எழுதிவிட்டு, ஒன்றை அடித்திருக்கிறார். முனியப்பன் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “சார், இதுக்குப் போடட்டுங்களா, வேணாங்களா?” என்று கேட்டார். அடித்ததற்கு அந்த எழுத்தர் எண் கொடுத்திருப்பாரா மாட்டாரா என்பது வெட்டுப்பட்ட ஓரத்தோடு போய்விட்டது. வாசிப்பு நிற்கக் கூடாதே என்று அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே பத்து நாள் ஆலோசனை நடந்தது. கடைசியில் அர்ச்சுனன் சார் தீர்ப்புச் சொன்னார்: “வரின்னு ஒண்ணு இருந்தாத்தான அடிக்க முடியும்? அடிச்சிருக்கறதே அது வரிங்கறதுக்குச் சாட்சி. போடுங்க கொட்டைய.”

கொட்டை விழுந்தது. பாஷா நிம்மதிப் பெருமூச்சு விட்டார், பாவம். வண்டி நகர்ந்ததே போதும் என்று இருந்தது அவருக்கு.

மார்ச் நடுவில் நானூறாவது வரி. முனியப்பன் டப்பாவில் கையை விட்டார். டப்பா காலி. ஆபீசுக்கு அனுமதிக்கப்பட்ட புளியங்கொட்டைகள் நானூறு. அதற்கு மேல் யாரும் போனதில்லையாகையால் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பாஷா ஜன்னல் வழியாகப் பார்த்தார். எங்கள் பக்கம் புளிக்குப் பேர்போனது. மார்ச் மாதம் வேறு. மரத்தடியில் என் பலகையைச் சுற்றிக் கொட்டைகள் சிதறிக் கிடந்தன. வெளியே ஓடிவந்து ஒரு கைப்பிடி பொறுக்கிக்கொண்டு போய் மேஜையில் வைத்தார்.

“பாய், இது வெளிக்கொட்டை” என்று அர்ச்சுனன் சார் அன்போடு திருப்பிக் கொடுத்தார். “இருப்புல ஏறாத கொட்டையில எண்ணினா, அந்த எண்ணிக்கை எந்தக் கோர்ட்டுல நிக்கும்?”

பதிமூன்று கொட்டை கேட்டு மெட்ராசுக்கு எழுதினார்கள். வரும்வரை சும்மா இருக்கலாம் அல்லவா? இருக்க முடியாது. வாசிப்பு இடையில் நிறுத்தப்படலாகாது என்று உத்தரவு இருக்கிறது. ஆகவே நானூறு முடிந்ததும் கிண்ணத்தைக் கவிழ்த்து மறுபடி ஒன்றிலிருந்து. மறுபடி நானூறு. மறுபடி ஒன்று. இரண்டு மாதத்துக்கு மேல் இப்படி ஓடிற்று. சித்திரை வெயில். பக்கம் புரண்டால் எண்ணிக்கை புரளும் என்று ஃபேனை நிறுத்தி வைத்திருந்தார்கள். கிருஷ்ணப்பனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவர் திணறுகிற இடத்தில் எல்லாம் பாஷா எடுத்துக் கொடுத்தார். புத்தகத்தைப் பார்க்காமலேயே. கடை சாத்தியே கிடந்தது. கடத்தூரில் பஞ்சரானவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார்கள்.

மே இருபத்தேழாம் தேதி பதிமூன்று கொட்டைகள் அரக்கு முத்திரையிட்ட பார்சலில் வந்தன. தர்மபுரி புளி மண்டியிலிருந்து கொள்முதல் செய்து, மெட்ராசில் பரிசோதித்து, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருந்தார்கள். ஜூன் முதல் வாரத்தில் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி நானூறைத் தாண்டினார்கள். அன்றைக்கு நசீமும் வந்திருந்தாள். என்னையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள். நானூற்றுப் பத்து. பதினொன்று. பன்னிரண்டு. கிருஷ்ணப்பன் தண்ணீர் குடித்துவிட்டு வந்து நின்று படித்தார்.

“நானூத்திப் பதிமூணு. அக்டோபர் ஒம்பது. ஆண். தகப்பன் பேரு மாதையன், தாய் பேரு பாஞ்சாலி.”

நசீம் மேஜைமேல் குனிந்தாள். “அப்பா” என்றாள். “எம்பேரு இதுக்குக் கீழ இருக்குது. அடுத்த வரி. அக்டோபர் ஒம்பது, பெண், நசீம் பானு, தகப்பன் ஹயாத் பாஷா. இதோ பாருங்க.”

அடித்த வரிக்குக் கொட்டை போட்டதில் ஓர் எண் தள்ளிப் போய்விட்டது. அவ்வளவுதான். பழைய எழுத்தர் அந்த வரிக்கு எண் கொடுக்கவில்லை, இவர்கள் கொடுத்துவிட்டார்கள்.

அர்ச்சுனன் சார் மை உறிஞ்சும் ஒற்றுத்தாளை எடுத்து அந்த வரியை மூடினார். “பொண்ணு, அதப் படிக்கக் கூடாதும்மா. உத்தரவு நானூத்திப் பதிமூணுக்குத்தான். இது நானூத்திப் பதினாலு.”

“சார், எங்கண்ணால பாத்தேனுங்களே.”

“பாத்தது கணக்குல வராது. வாசிச்சு, கொட்டை வுழுந்து, உங்கப்பா காதுலயும் வுழுந்தாத்தான் கணக்கு. பதினாலுக்குப் புதுசா ஒரு மனு போடுங்க. ஒரே ஒரு கொட்டைக்கும் எழுதிப் போடறேன். நானே கையோட அனுப்பி வெக்கறேன்.” அவர் உண்மையாகவே உதவி செய்கிற முகத்தோடு சொன்னார்.

அந்த ஒரு கொட்டை என்ற வார்த்தையில்தான் பாஷாவுக்கு ஏதோ ஆகிவிட்டது. எழுந்து வெளியே போனார். மரத்தடியிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துக்கொண்டு வந்து கிண்ணத்தில் ‘டங்’ என்று போட்டார்.

“ஆச்சு! நானூத்திப் பதினாலு! ஒற்றுத்தாள எடு! எம்பொண்ணப் படி!”

ஒன்றரை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அப்போதுதான். நன்றாக இருந்தது. அடுத்த நிமிஷம் முனியப்பன் கிண்ணத்தைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டார். “பாய், என்னாங்க பண்ணிட்டீங்க! இதுல வெளிக்கொட்டை எதுன்னு இனி யாரு கண்டுபுடிப்பாங்க?”

கிண்ணத்தில் நானூற்றுப் பதினாலு கொட்டைகள். அனுமதி நானூற்றுப் பதிமூன்றுக்கு. எல்லாம் ஒரே மரத்துக் கொட்டை மாதிரிதான் இருந்தன. ஒரே மரத்துக் கொட்டையாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை. அன்றே பிரிவைச் சீல் வைத்தார்கள். அத்தனை கொட்டையும் ஒரு சாக்குப் பையில் விசாரணைக்காக மெட்ராஸ் போயிற்று. பாஷாவைக் கைது செய்யலாமா என்று ஒரு வாரம் பேச்சு நடந்தது. கொட்டையைத் திருடினால் சட்டம் இருக்கிறது, கொடுத்தால் இல்லை என்பதால் விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது ஜூலை அப்படிப் போயிற்று. நர்ஸ் படிப்புக்கு அந்த வருஷம் எங்கள் மாவட்டத்தில் இடம் நிரம்பவில்லை என்று ஆஸ்பத்திரிப் பெரிய நர்சம்மா என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார். அதை நான் பாஷாவிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

நவம்பரில் சாக்குப் பை திரும்பி வந்தது. கூடவே விசாரணை அறிக்கை: ‘வெளிக்கொட்டை எது என அறிய இயலாமையால், ஏதேனும் ஒன்று நீக்கப்பட்டது. கண்காணிப்பாளரின் கோரிக்கையை ஏற்று ஒன்று புதிதாக அனுமதிக்கப்பட்டது. ஆக மொத்தம் நானூற்றுப் பதினாலு.’ தொடர் வாசிப்பும் நானூற்றுப் பதினாலு வரை நீட்டிக்கப்பட்டிருந்தது. பாஷாவுக்குக் கார்டு போட்டார்கள்.

“இனி எதுக்கு மாதண்ணா?” என்றார் அவர். அக்டோபர் ஒன்பதோடு நசீமுக்கு உண்மையான இருபதே முடிந்துவிட்டது.

“அர்ச்சுனன் சார் பிரியப்படறாருங்க” என்றேன். நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பாஷா ஏழு நாளும் வந்து நின்றார்.

ஏழாவது நாள் நஞ்சப்பன்கூட வந்திருந்தார், முதல் வரியின் சார்பில் வாழ்த்துச் சொல்ல. கிருஷ்ணப்பன் படித்தார். அவருக்கும் பெண் குழந்தைகள் உண்டு.

“நானூத்திப் பதினாலு. ஆயிரத்தித் தொளாயிரத்து அம்பத்தி நாலு, அக்டோபர் ஒம்பது. பெண். நசீம் பானு. தகப்பன் பேரு ஹயாத் பாஷா. தாய் பேரு அஸ்கரி பேகம்.”

கொட்டை விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அர்ச்சுனன் சார் சான்றிதழில் தன் கையாலேயே எழுதினார். பொதுமக்கள் வசதிக்காக அன்றைய தேதிக்கு வயதையும் கணக்கிட்டு எழுதுவது அந்த ஆபீஸ் வழக்கம். சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு உரக்கவும் படித்தார். “வயது, இருபது வருஷம், ஒரு மாசம். பாத்தீங்களா பாய்? பள்ளிக்கூடத்துல தப்பாப் போட்டிருந்தாங்க. நாம சரி பண்ணிட்டோம்.”

பாஷா நின்றார். வாசிக்கப்பட்ட வரி இன்னும் கணக்கில் ஏறவில்லை. அவர் சொல்ல வேண்டியது பாக்கி.

“சொல்லுங்க பாய்” என்றார் அர்ச்சுனன் சார்.

பாஷா சொல்லவில்லை.

“பாய், நீங்க சொன்னாத்தான் கையெழுத்துப் போட முடியும். காதில் விழுந்தது. ரெண்டே வார்த்தை.”

பாஷா முனியப்பனின் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் மாட்டியிருந்த பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, படியிறங்கி, என் மரத்தடியைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுப் பக்கமாக நடந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காதது நல்லதாயிற்று என்று எனக்குத் தோன்றியது.

கோப்பில், ‘மனுதாரர் காதில் விழவில்லை. மனு தள்ளுபடி’ என்று எழுதி முடித்தார்கள். அந்த வருஷத்து அறிக்கையில், பொதுமக்களின் அலட்சியத்துக்கு உதாரணமாக இந்த மனு ஒரு பத்தியில் இடம்பெற்றது.

இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு வேலையாகக் கடத்தூர் போனேன். சைக்கிள் கடை முன்னால் கூட்டம். பஞ்சர் ஒட்ட வந்த கூட்டம் இல்லை. கல்யாணம் பேசுகிறவர்கள், வேலைக்கு மனுப் போடுகிறவர்கள், ஜாதகம் தொலைத்தவர்கள். ஆளுக்கொரு சீட்டு.

“பாய், எரநூத்தி அறுவத்தி மூணு?”

பாஷா சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஜூன் இருவத்தெட்டு. பொண்ணு. தகப்பன் மாரப்பன்.” தலையைத் தூக்கவில்லை. ஒரு நிமிஷம் ஆகவில்லை. கிண்ணம் இல்லை, கொட்டை இல்லை. எண் தள்ளிப் போன கணக்கையும் அவரே சரி பண்ணி, சீட்டில் இருக்கிற எண்ணுக்கே சொன்னார். எந்த ஆபீசிலும் அது செல்லாது. ஆனாலும் ஜனங்களுக்குத் தங்கள் பிறந்த தேதியைத் தெரிந்துகொண்டு போவதில் ஒரு திருப்தி.

கடைக்குள் நசீம் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் பார்த்த அதே கவனத்தோடு. என்னைப் பார்த்து, “வாங்க மாமா” என்றாள். அவ்வளவுதான்.

கூட்டத்தில் ஒரு பையன், விளையாட்டுக்குத்தான், “கடைசி வரைக்கும் தெரியுங்களா பாய்? நானூத்திப் பதிமூணு சொல்லுங்க பாக்கலாம்” என்றான்.

சக்கரம் சுற்றி நின்றது. பாஷா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“அது எங்காதுல வுழுவலீங்க” என்றார். “அடுத்தது யாரு?”